புது தற்காப்புக் கலையும் 120 டி-சர்ட்டும்

போன மாசம் எங்க பிரிண்டிங் பட்டறைக்கு ஒரு குட்டி ஆர்டர் வந்தது. 120 டி-சர்ட். கறுப்பு, 180 ஜிஎஸ்எம், நெஞ்சுல சின்னதா ஒரு லோகோ, முதுகுல பெரிய பிரிண்ட். திருப்பூர்ல 120 பீஸ் எல்லாம் ஒரு ஆர்டரே கிடையாது. ஸ்கிரீன் போடற கூலிக்கே கட்டாது. தெரிஞ்சவர் மூலமா வந்ததால தட்ட முடியல.

முதுகு டிசைன்ல ஒரு நாகம், ஒரு பருந்து, ஒரு காங்கேயம் காளை. நடுவுல கால அகட்டி நிக்கற ஒரு ஆள். மேல கலையோட பேரு (பேரு வேண்டாம், மனுசன் நல்லவர்). கீழ வளைவா ஒரு வரி: "3000 ஆண்டு பழமையான தமிழர் போர்க்கலை."

மாஸ்டர் நேர்லயே வந்திருந்தார். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கராத்தேல பிளாக் பெல்ட், சின்ன வயசுல கொஞ்சம் சிலம்பம். டீ சொல்லிட்டு சும்மா கேட்டேன்.

"ஏனுங்க மாஸ்டர், இது எங்கிருந்து வந்த கலைங்க?"

"நானே உருவாக்குனதுங்ண்ணா. 2020 ஊரடங்குல தோட்டத்துலயேதான் கெடந்தேன். பாம்பு, பருந்து, மாடு எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அசைவா புடிச்சேன். இயற்கைதானுங்ண்ணா குரு."

"அப்ப இந்த மூவாயிரம் வருசம்?"

"அப்படிப் போட்டாத்தானுங்ண்ணா பெத்தவங்க புள்ளைங்களச் சேத்துறாங்க. 2020ன்னு போட்டா எவன் வருவான்?"

நான் சிரிச்சுட்டேன். அவரும் சிரிச்சார். அட்வான்ஸ் குடுத்துட்டுக் கிளம்பிட்டார். ஆனா அந்த ஒரு வரியை மட்டும் பிலிம் எடுக்கக் குடுக்க எனக்கு மனசு வரல. அதைப் பத்தி யோசிச்சதுதான் இது.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன். புதுசா ஒரு சண்டைக்கலை உருவாக்கறது தப்பே இல்ல. இன்னைக்கு உலகத்துல இருக்கற எல்லாக் கலையும் என்னைக்கோ ஒரு நாள் எவனோ ஒருத்தன் புதுசா ஆரம்பிச்சதுதான். ஜூடோவுக்குப் பிறந்த வருசம் 1882. ஜிகோரோ கானோன்னு ஒரு பையன், அப்ப அவருக்கு 21 வயசு, டோக்கியோவுல எய்ஷோஜிங்கற புத்தர் கோயில்ல 12 பாய் விரிக்கிற இடத்துல ஒன்பது பேரை வெச்சு ஆரம்பிச்சார். டேக்வாண்டோங்கற பேரே 1955-ல்தான் வெச்சாங்க (பின்னாடி அதையும் ரெண்டாயிரம் வருசம்னு தள்ளிக்கிட்டது வேற கதை). புரூஸ் லீ தன்னோட முறைக்கு ஜீத் குன் தோன்னு பேர் வெச்சது 1967-ல். இதுல எதுவும் புதுசுங்கறதுக்காக செத்துப் போயிடல. ஜூடோ 1964-ல் ஒலிம்பிக்ஸுக்கே போயிடுச்சு.

கானோ விசயத்துல எனக்குப் புடிச்சது ரெண்டு. ஒண்ணு, எங்க படிச்சேன், யார்கிட்டப் படிச்சேன்னு அவர் மறைக்கவே இல்ல. தென்ஜின் ஷின்யோ ரியூ, கிதோ ரியூன்னு ரெண்டு பழைய ஜுஜுட்சு பள்ளிகள். அதுல எடுத்தது இது, நான் மாத்துனது இதுன்னு சொல்லிட்டார். இன்னொண்ணு இதவிட முக்கியம். ஆளைக் காயப்படுத்தற அடிகளைத் தனியா எடுத்து வெச்சுட்டு, மிச்சத்தை எதிராளி முழு பலத்தோட திமிறும்போதே செஞ்சு பழக விட்டார். ராண்டோரின்னு பேரு. அங்க பொய்க்கு இடமே இல்ல. நீ தூக்கிப் போட்டா அவன் விழுவான், போடலைன்னா நிப்பான்.

சரி, இயற்கை எங்க வருது? ஜுஜுட்சுல யோஷின் ரியூன்னு இன்னும் பழைய பள்ளி ஒண்ணு உண்டு. அதை ஆரம்பிச்ச அகியாமாங்கற வைத்தியர் ஒரு பனிக்காலத்துல மரங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தாராம். வெறச்சு நிக்கற கெளை எல்லாம் பனிப்பாரம் தாங்காம ஒடியுது. வில்லோ மரத்துக் கெளை மட்டும் வளைஞ்சு, பனியைக் கீழ உதறிட்டு, திரும்ப நிமிருது. அதுல இருந்து வந்ததாம் அந்தக் கலை. கானோ படிச்ச பள்ளியோட பேர்லயும் இந்த வில்லோ இருக்கு. நமக்கு வில்லோ எதுக்கு? முருங்கைக் கெளை பொசுக்குன்னு ஒடியும். புளிய விளாறு எவ்வளவு வளைச்சாலும் ஒடியாது. வாத்தியார்கிட்ட அடி வாங்கினவங்களுக்கு இந்தத் தத்துவம் நல்லாவே தெரியும் :)

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா கானோவோட பள்ளியில யாரும் மரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கல. பாய் மேல நூறு தடவை ஆயிரம் தடவை விழுந்தாங்க. கதை சும்மா ஞாபகம் வெச்சுக்க. அதை ஆதாரம்னு நெனச்சா வம்பு.

சீனாவுல இந்த மாதிரிக் கதை ஏராளம். ஹுவா துவோன்னு ஒரு வைத்தியர், சுமார் 1800 வருசத்துக்கு முன்னாடி, புலி, மான், கரடி, குரங்கு, பறவைன்னு அஞ்சு மிருகத்தோட அசைவை வெச்சு ஒரு பயிற்சி சொல்லிக் குடுத்தார். இது பழைய சீன வரலாற்று நூல்லயே பதிவாகி இருக்கு. ஆனா அது சண்டைக்கு இல்ல, உடம்பு நல்லா இருக்கறதுக்கு. அப்புறம் சண்டைக்கலைகள். ஃபூஜியன் பக்கத்து வெள்ளைக் கொக்கு முறைக்கு ஒரு பொண்ணு சொந்தக்காரி. ஃபாங் சீனியாங்னு பேரு. கொக்கைக் குச்சியால விரட்டப் பார்த்தாளாம், எப்படி அடிச்சாலும் அது விலகிடுச்சாம். விங் சுன்னுக்கு ஒரு பிக்குணி, பாம்பும் கொக்கும் சண்டை போட்டதைப் பார்த்தாங்களாம். தாய் ச்சிக்கு ஒரு தாவோ துறவி, அவரும் பாம்பும் கொக்கும் சண்டை போட்டதைத்தான் பார்த்தாராம். அந்த ஊர்ப் பாம்புக்கும் கொக்குக்கும் வேற வேலையே இல்ல போல!

ஒரே கதை ரெண்டு மூணு வீட்டுல சுத்துதுன்னாலே புரிஞ்சுக்கலாம், கலை முதல்ல வந்திருக்கு, கதை பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டிருக்கு. அதுல ஒரு கதை மட்டும் எனக்கு ரொம்பப் புடிக்கும். கும்பிடுபூச்சி முறையைக் கண்டுபிடிச்சதாச் சொல்ற வாங் லாங். அவர் பூச்சியைப் பார்த்ததோட நிக்கல. புடிச்சுட்டு வந்து ஒரு குச்சியால குத்திக் குத்தி, இப்படி வந்தா என்ன பண்ணுது, அப்படி வந்தா என்ன பண்ணுதுன்னு பார்த்தாராம். நடந்துச்சோ இல்லையோ, கதையிலயாச்சும் அந்த மனுசன் சோதிச்சுப் பார்த்திருக்கார்.

நம்ம பக்கம் வருவோம். களரிப்பயட்டுல வடிவுன்னு சொல்றாங்களே, யானை, சிங்கம், குதிரை, பன்னி, பாம்பு, பூனை, சேவல், மயில். களரிக்குக் களரி இந்தப் பட்டியல் கொஞ்சம் மாறும், சில இடத்துல மீன் வந்துடும். சிலம்பத்துல நாகம் பதினாறு, நாகதாளி, நாகசீறல்னு முறைகளுக்கே பேரு. மான்கொம்பு வேற இருக்கு. முன்ன வெளிமான் கொம்புலயே செஞ்சாங்க. 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் நெசக்கொம்பைக் கையில வெச்சிருந்தா உள்ள போக வேண்டியதுதான், அதனால இப்ப இரும்பு, மரம்.

நான் காங்கேயம் பக்கத்து ஊர்ல ஏழெட்டு வயசுல சிலம்பம் கத்துக்கிட்டவன் (இப்ப சுத்தச் சொன்னா என் மண்டையையே அடிச்சுக்குவேன்). எங்க ஆசான் பகல்ல வெங்காயம் போடுவார், சாயங்காலம் களத்துமேட்டுல கம்பு. ஒரு தடவ "இது எத்தன வருசத்துக் கலைங்க?"ன்னு கேட்டேன். "எங்க அப்பாரு சொல்லிக் குடுத்தாரு. அவருக்கு மூலனூர்ப் பக்கம் ஒருத்தரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது சாமி"ன்னார். அவ்வளவுதான். ரெண்டு தலைமுறை. அதுக்கு மேல ஒரு வருசம்கூடக் கூட்டிச் சொல்லல. நாகம்னு ஒரு சுவடு சொல்லிக் குடுக்கும்போது பாம்பு மாதிரி சீறச் சொல்லல. "கால நெரவி வை, தூக்கி வெச்சா அடி வாங்குவே"ன்னார். கம்பால கணுக்கால்ல ஒண்ணு வெச்சுத்தான் காமிச்சார். மறக்கவே மறக்காது.

மிருகப் பேருங்கறது அவ்வளவுதான்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது. எழுதப் படிக்கத் தெரியாத பையனுக்கும் ஒரு உடம்பு நெலையை ஒரே வார்த்தையில ஞாபகம் வர வைக்க அது ஒரு முடிச்சு.

இந்த இடத்துல எப்பவும் ஒருத்தர் போதிதர்மரைத் தூக்கிட்டு வருவார். 2011-ல் 'ஏழாம் அறிவு' வந்ததுக்கப்புறம் இன்னும் ஜாஸ்தி. நம்ம காஞ்சிபுரத்து ஆள் போய்த்தான் ஷாவோலினுக்கே சொல்லிக் குடுத்தார்னு. எனக்கும் ஆசைதான். ஆனா அவரைக் குங்ஃபூவோட இழுத்துக் கட்டற எழுத்து 17ஆம் நூற்றாண்டுலதான் தலை காட்டுது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருசத்துக்கு மேல தள்ளி. அதே காலத்து ஷாவோலின் கம்புச்சண்டை நூல் ஒண்ணு, கம்பு எங்க கோயிலுக்கு வந்தது கின்னர ராஜாவாலன்னு சொல்லுது. போதிதர்மர் பேரு இல்ல. அடிக்க வராதீங்க, இருக்கறதைச் சொன்னேன். சிலம்பத்துக்குப் பெருமை சேர்க்கச் சீனாக்காரன் சான்றிதழ் எதுக்கு? 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில அதைக் காட்சி விளையாட்டாச் சேர்த்தாங்க. களத்துமேட்டுல கத்துக்கிட்ட எனக்கு அதைக் கேட்டப்பவே கண்ணு கலங்குச்சு.

மறுபடி மாஸ்டர்கிட்ட வரேன். அவர் தோட்டத்துல உக்காந்து பார்த்தார்ங்கறதை நான் சந்தேகப்படல. என்ன பார்த்தார்ங்கறதுதான் கேள்வி. நானும் ஒரு தோட்டத்துக்காரன் மகன். கொஞ்சம் பார்த்திருக்கேன்.

கீரி - பாம்பு சண்டை எடுத்துக்குவோம். கீரி ஜெயிக்கறதுக்கு அதோட வேகம் ஒரு காரணம். சிலுத்துக்கிட்டு நிக்கற மயிர் ஒரு காரணம், பாம்புக்கு எது உடம்பு எது மயிருன்னு தெரியாது. எல்லாத்துக்கும் மேல, கீரியோட உடம்புல நாக விஷம் போய் ஒட்டிக்க வேண்டிய இடமே கொஞ்சம் மாறி அமைஞ்சிருக்கு. விஷம் நமக்கு ஏறற மாதிரி அதுக்கு ஏறாது. நாம கீரியோட குதியை மட்டும் கத்துக்கிட்டு, அந்த உடம்பை எங்க போய் வாங்கறது?

காங்கேயம் காளை. அரை டன்னுக்குப் பக்கம் எடை. கொறங்காட்டுக்குள்ள ரெண்டு காளை முட்டிக்கிட்டா என்ன நடக்கும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். மொதல்ல தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டுல திரும்பி நின்னு, தன்னோட திமிலையும் உடம்பையும் காட்டும். காலால மண்ணைப் பறிக்கும். பத்துல எட்டு தடவ அத்தோட ஒண்ணு நடையைக் கட்டிடும். மீறிச் சேர்ந்தாலும் கொம்பைக் கொம்புல வெச்சுத் தள்ளுமே ஒழிய, வயித்துல குத்தறது அபூர்வம். தள்ள முடியாதது திரும்பி ஓடும். ஜெயிச்சது நாலு எட்டு விரட்டிட்டு, திரும்பி வந்து கொழுக்கட்டைப்புல் மேய ஆரம்பிச்சுடும். நாகமும் அப்படித்தான். படம் எடுக்கறதே 'கிட்ட வராதே'ன்னு சொல்றதுக்கு. பல தடவ வாயை மூடிக்கிட்டே பொய்க்கொத்து கொத்தும். விஷம் அதுக்கு இரை புடிக்கற முதல், உங்க மேல எதுக்கு வீணாக்கணும்?

காட்டுல ஆஸ்பத்திரி இல்லீங்க. கால் ஒடிஞ்ச மிருகம் பட்டினியில சாகும். அதனால எல்லா மிருகமும் முடிஞ்ச மட்டும் சண்டை போடாமத் தப்பிக்கத்தான் பார்க்குது. சத்தம், மிரட்டல், விலகல், ஓட்டம், இதெல்லாம் முடிஞ்சு வேற வழியே இல்லைன்னாத்தான் அந்தக் கடைசி ஒரு நொடி கொத்து. நம்ம மாஸ்டர்கள் அந்த ஒரு நொடியை மட்டும் வெட்டி எடுத்துட்டு வந்து நாப்பது அடியாப் பிரிச்சு பாடத்திட்டம் போட்டுடறாங்க. மிச்சம் இருக்கற பாடம் பூரா தோட்டத்துலயே கெடக்கு.

இதெல்லாம் சும்மா வெட்டிப் பேச்சுன்னு விட்டிருப்பேன். ஆனா எங்க பட்டறைக்கு செக்கிங் வர்ற அக்கா ஒருத்தர் டி-சர்ட் டிசைனைப் பார்த்துட்டுக் கேட்டாங்க. "ஏந்தம்பி, இந்த கிளாஸ்ல நம்ம புள்ளையச் சேத்தி உடட்டுமா? மாசம் எண்ணூறாம்."

அந்தப் புள்ள ஒரு பனியன் கம்பெனியில பவர் டேபிள் தைக்குது. ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சா ராத்திரி எட்டரை. பஸ் இறங்கி வீட்டுக்கு முக்கா கிலோமீட்டர். நடுவுல ரெண்டு காலி சைட், ஒரு ஒயின்ஷாப், எரியாத ரெண்டு தெருவிளக்கு. ரெண்டு வாரமா எவனோ ஒருத்தன் பின்னாடியே வர்றான். அதுக்காகத்தான் கேக்கறாங்க. மூவாயிரம் வருசமா முப்பது வருசமான்னு அவங்களுக்குக் கவலை இல்ல. புள்ள பத்திரமா வீடு வரணும்.

'சேத்துங்க'ன்னும் சொல்ல முடியல, 'வேண்டாம்'னும் சொல்ல முடியல. ஞாயித்துக்கிழமை நானே அக்காவையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போனேன். பட்டறையில ஸ்க்வீஜி இழுக்கற பையன் ஒருத்தனும் கூட வந்தான். இருபது வயசு, ஒல்லி. நாள் பூரா ஸ்க்வீஜி புடிச்ச கை.

கிளாஸ் பார்க்க அழகா இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நாப்பது புள்ளைங்க, வரிசையா நின்னு பருந்து மாதிரி கை விரிச்சு, காளை மாதிரி தாழ்ந்து. அப்புறம் மணிக்கட்டைப் புடிச்சா எப்படி விடுவிக்கறதுன்னு ஒரு அடி, நாகச் சுத்துன்னு பேரு. மாஸ்டரோட சீடன் ஒருத்தன் வந்து புடிக்கறான், இவர் கையை ரெண்டு சுத்து சுத்தறார், தொடறதுக்கு முன்னாடியே அவன் விழறான். புள்ளைங்க கைதட்டறாங்க.

அக்கா மகளையும் செய்யச் சொன்னார். நான் எங்க பையனை, "நீ போய்ப் புடி, விடாதே"ன்னு அனுப்பினேன். புடிச்சான். புள்ள ரெண்டு சுத்து சுத்துச்சு. கை வரல. மூணாவது சுத்து. வரல. முகம் செவந்துடுச்சு. மாஸ்டர் ஓடி வந்து பையனைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, நீ தப்பாப் புடிச்சிருக்கே."

அந்தப் புள்ள மெதுவாக் கேட்டுச்சு. "ரோட்டுல வர்றவனுக்கு எப்படிப் புடிக்கணும்னு யாருங்ண்ணா சொல்லிக் குடுப்பாங்க?"

எல்லாரும் கம்முனு ஆயிட்டாங்க. மாஸ்டர் மேல எனக்கு மரியாதை வந்ததே அப்பத்தான். மழுப்பிட்டுப் போகல. "என் கையைப் புடி"ன்னு பையன்கிட்டக் குடுத்தார். ரெண்டு தடவ நாகச் சுத்து போட்டுப் பார்த்தார், வரல. மூணாவது தடவ கையைக் கட்டைவிரல் பக்கமாத் திருப்பி, முழங்கையை உள்ள குடுத்து ஒரே இழுப்பு. வந்துடுச்சு. எவ்வளவு பலசாலி புடிச்சாலும் நாலு விரலுக்கு எதிரா கட்டைவிரல் தனியா நிக்கற எடம்தானே பலவீனம். புள்ளைக்கும் அதைச் சொல்லிக் குடுத்தார். ரெண்டாவது தடவையிலயே அதுக்கும் வந்துச்சு.

வெளிய வந்தப்புறம் மெதுவாச் சொன்னார், "அது நான் கராத்தேல படிச்சதுங்ண்ணா." பாருங்க, வேலை செஞ்சது அவர் யார்கிட்டயோ ஒழுங்காப் படிச்சது. அதுக்கு டி-சர்ட்டுல இடமே இல்ல.

அன்னைக்கு சாயங்காலம் நஞ்சராயன் குளம் பக்கம் போயிருந்தேன். 2024-ல் ராம்சர் பட்டியல்ல சேர்ந்த குளம், நம்ம ஊருக்குக் கெடச்ச நல்ல பேர்ல ஒண்ணு. (புரூஸ் லீ தண்ணி மாதிரி இருக்கணும்னு சொல்லுவார்ல, நொய்யலைப் பார்த்து வளர்ந்த எனக்கு 'எந்த கலர் தண்ணி?'ன்னுதான் ரொம்ப நாள் தோணும். 2011-ல் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலம் இங்க யாருக்கும் மறக்காது.) கரையில ஆள்காட்டிக் குருவி ஒண்ணு தரையில முட்டை வெச்சிருக்கு போல. ஒரு நாய் அந்தப் பக்கம் போச்சு. அவ்வளவுதான், ஊரே கேக்கற மாதிரிக் கத்தல். ஜோடிக் குருவியும் சேர்ந்துக்கிச்சு. ரெண்டும் மாத்தி மாத்தி நாயோட தலைக்கு மேல பாய்ஞ்சு, தொடற மாதிரி வந்து தொடாம விலகி, மறுபடி கத்தல். நாய் வெறுத்துப் போய் ஒதுங்கிடுச்சு. நூறு, நூத்தம்பது கிராம் குருவி. கொஞ்சம் தள்ளி கரண்டு கம்பியில ரெட்டைவால் குருவி. அது பருந்தையே விரட்டும். எப்பவும் மேல இருந்து, பின்னால இருந்து, ஒரு கொத்து, விலகல். நேருக்கு நேர் ஒரு நாளும் போகாது.

எனக்கு அந்தப் புள்ள ஞாபகம்தான் வந்தது. அதுக்கு வேண்டிய கலை இதுதானே? முன்கூட்டியே பார்க்கணும், சத்தம் போடணும், ஜோடி சேரணும், புடிச்சா ஒரு உதறு, அப்புறம் வெளிச்சம் இருக்கற பக்கம் ஓட்டம்.

இதை நான் குருவியை மட்டும் நம்பிச் சொல்லல. கனடாவுல சார்லீன் சென் அப்படிங்கற பேராசிரியர் தலைமையில மூணு பல்கலைக்கழகத்துல கிட்டத்தட்ட 900 மாணவிகளை வெச்சு ஒரு ஆய்வு நடந்து 2015-ல் வெளியாச்சு. பாதிப் பேருக்குத் தகவல் அட்டை மட்டும், மீதிப் பேருக்கு மொத்தமே 12 மணி நேரப் பயிற்சி. ஆபத்தை முன்னாடியே அடையாளம் கண்டுக்கறது, தெரிஞ்ச ஆளா இருந்தாலும் 'முடியாது'ன்னு சத்தமாச் சொல்ற தயக்கத்தை உடைக்கறது, அதுக்கப்புறம் கொஞ்சம் அடிதடி. ஒரு வருசம் கழிச்சுப் பார்த்தா, பயிற்சி எடுத்தவங்க மத்தியில வன்புணர்வு கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சிருந்தது. நாகமும் இல்ல, பருந்தும் இல்ல. ஆனா முக்காவாசி ஆள்காட்டி!

நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்குச் சத்தம் போடறது ஒண்ணுதான் சொல்லிக் குடுக்கறதே இல்ல. 'மெதுவாப் பேசு'ன்னே வளர்த்துட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு ரோட்டுல மட்டும் கத்தணும்னா தொண்டையில வராதுங்க. அதையும் பழக்கணும். நாப்பது புள்ளைங்களை நிக்க வெச்சு அடிவயித்துல இருந்து கத்த விடற ஒரு கிளாஸ் நம்ம ஊர்ல இருந்தா, நானே டி-சர்ட் ஓசியில அடிச்சுத் தருவேன்.

ஒண்ணு மறந்துட்டேன். பின்னாடி வந்தவன் விசயம் கிளாஸால தீரல. அந்த ரூட்ல ஷிப்ட் முடிஞ்சு வர்ற நாலு புள்ளைங்க இப்ப ஒருத்தருக்கொருத்தர் காத்திருந்து சேர்ந்து நடக்கறாங்க. கவுன்சிலரை மூணு தடவ பார்த்து ஒரு தெருவிளக்கு எரியுது. இன்னொண்ணு இன்னும் எரியல.

புதன்கிழமை மாஸ்டர் பட்டறைக்கு வந்தார். நான் என் மனசுல இருந்ததைச் சொன்னேன். "மாஸ்டர், மூவாயிரத்தை எடுத்துடுவோம். '2020, திருப்பூர்'னு போடுவோம். கீழ 'கராத்தே, சிலம்பம் வழி வந்தது'ன்னு ஒரு வரி. உங்களுக்குச் சொல்லிக் குடுத்த ரெண்டு பேருக்கும் அது மரியாதை. எதிர்காலத்துல ஒருத்தன் நூறு வருசப் பழமைன்னு சொல்லணும்னா இன்னைக்குத் தேதி இருந்தாத்தானே எண்ண முடியும்?"

ரொம்ப நேரம் டிசைனைப் பார்த்துட்டு இருந்தார். 2020ன்னு போட மனசு ஒப்பல, எனக்கும் தெரிஞ்சது. கடைசியில, "ரெண்டுமே வேண்டாங்ண்ணா. பேரு மட்டும் இருக்கட்டும். கீழ 'கராத்தே, சிலம்பம்'னு போட்டுடுங்க"ன்னார். பாதி ஜெயிச்ச மாதிரி. அன்னைக்கே பிலிம் எடுத்து, 120 பீஸும் அடிச்சு, வெள்ளிக்கிழமை டெலிவரி குடுத்தாச்சு.

கிளம்பும்போது கேட் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்தார்.

"ண்ணா, அந்தத் தம்பிய ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் அனுப்பி வைக்க முடியுங்களா? தப்பாப் புடிக்கறதுக்கு?"

பையன்கிட்டக் கேட்டேன். அவன் ஞாயித்துக்கிழமைக்கு டபுள் சம்பளம் கேக்கறான்.